பூஞ்சை இல்லையாம், நகச் சொரியாசிஸாம்: இந்தக் கைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஊசிமுனை எழுதியது:

தையல்தான் என் தொழில். வயது 41. முழங்கையிலும் பின்னந்தலையிலும் செதில் உதிர்வது பல வருடக் கதை. பொடுகு, வறட்சி என்று ஏதாவது ஒரு பெயர் வைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வருடம் வலது கட்டைவிரல் நகத்தில் குண்டூசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. பிறகு நகத்தின் நுனி சதையை விட்டுக் கிளம்பிக்கொண்டது. இப்போது ஆறு விரல்களில் இதே நிலை. நகத்துக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு ஊறியதுபோல மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை.

முதலில் பார்த்த மருத்துவர் கையைத் தொடாமலேயே பூஞ்சை என்றார். மாத்திரை இரண்டு சுற்று சாப்பிட்டேன், நகம் அப்படியேதான் இருந்தது. சென்ற வாரம் வேறொரு தோல் மருத்துவர் நகத்தை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். பூஞ்சை இல்லை என்று வந்தது. முழங்கையையும் தலையையும் பார்த்துவிட்டு சொரியாசிஸ் என்றார். ஸ்டீராய்டும் வைட்டமின் டி வகை மருந்தும் கலந்த களிம்பு கொடுத்திருக்கிறார். பலன் தெரிய ஆறு மாதம் ஆகும் என்கிறார். ஆறு மாதமா?

பட்டுத் துணியைத் தொட்டால் நகம் நூலைப் பிடித்து இழுக்கிறது. பொத்தான் தைக்க முடியவில்லை. நகத்துக்கு அடியில் பஞ்சும் அழுக்கும் சேர்கிறது. தினமும் இரவில் ஊசியால் சுத்தம் செய்கிறேன், இருந்தும் மறுநாள் இன்னும் கொஞ்சம் கிளம்பியிருக்கிறது. போன வாரம் ஒரு பெண்மணிக்கு அளவு எடுக்க நாடாவைப் பிடித்தபோது என் விரல்களைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போய்விட்டார். அன்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. இதே தொல்லை உள்ளவர்கள் அன்றாடம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


பழையகுடை எழுதியது:

அம்மா, முதல் வேலையாக அந்த ஊசியைத் தையல் பெட்டியில் போட்டு மூடுங்கள். நகத்தைக் கிளப்பிக்கொண்டிருப்பது பாதி நோய், பாதி நீங்கள்.

எனக்கு 22 வருடமாகச் சொரியாசிஸ். நகத்தில் மட்டும் 15 வருடம். இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடிபட்ட இடம், கீறல் விழுந்த இடம், ஓயாமல் உராயும் இடம் எதுவோ அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியதால் அவர் பெயரிலேயே கோப்னர் விளைவு என்கிறார்கள். ஊசியை அடியில் விடும்போது, நகம் சதையோடு ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச இடத்தையும் நீங்களே பிரித்துவிடுகிறீர்கள். காயமும் ஆகிறது. நோய் அந்தக் காயத்துக்கு வருகிறது. மறுநாள் இன்னும் அழுக்கு, இன்னும் ஆழமாக ஊசி. நானும் இந்தச் செக்கைச் சுற்றி வந்தவன்தான். ஊசிக்குப் பதில் பல்குத்தும் குச்சி, அவ்வளவே வித்தியாசம்.

கிளம்பிய பகுதியை, வலிக்காத எல்லை வரை, ஒட்ட வெட்டிவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் நூல் மாட்டாது, அழுக்கு தங்காது, எல்லாவற்றையும்விட முக்கியமாக, களிம்பு போய்ச் சேர வேண்டிய அடிச்சதையில் நேராகப் படும். நகத்தின் மேல் எவ்வளவு தடவினாலும் உள்ளே போவது மிகக் கொஞ்சம். ஒருவேளை உங்கள் மருத்துவர் சொல்ல மறந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஆறு மாதக் கணக்கும் சரிதான். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனிக்கு வர நான்கிலிருந்து ஆறு மாதம். கால் நகம் என்றால் ஒரு வருடத்துக்கும் மேல், பெருவிரலுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். இன்று உங்கள் நகத்தில் தெரியும் குழி, சில மாதங்களுக்கு முன் நகத்தின் வேரில் நடந்தது. அது வளர்ந்து வெளியேறத்தான் வேண்டும், அதை எந்தக் களிம்பும் நிரப்பாது. ஆகவே தினமும் காலையில் நகத்தைப் பார்த்து அழ வேண்டாம். வேருக்குப் பக்கத்தில், நகத்தோலைத் தொடாமல், நக அரத்தால் மெல்லியதாக ஒரு கீறல் போடுங்கள். மறையும்போது பேனா மையால் ஒரு கோடு. அந்தக் கீறல் நகர்வதை மட்டும் பாருங்கள். கீறலுக்குப் பின்னால் வருவது புது நகம். அது நன்றாக வருகிறதா என்பதுதான் கேள்வி.


கண்ணாடித்தகடு எழுதியது:

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு திருத்தம். “பூஞ்சை இல்லை” என்ற ஒற்றைத் தாளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூஞ்சை மாத்திரை சாப்பிட்ட பிறகு எடுத்த மாதிரியில் பூஞ்சை தப்பித்துவிடலாம். நகத்தின் நுனியை மட்டும் வெட்டி அனுப்பினாலும் அப்படித்தான். கிளம்பிய பகுதியின் உள்ளே தள்ளி, அடியில் சேர்ந்த தூளையும் சேர்த்து எடுக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது விரைவான வழி, ஆனால் அது சில பூஞ்சைகளைத் தவறவிடும். நகத்துண்டைச் சாயமேற்றிப் பார்ப்பதும் வளர்த்துப் பார்ப்பதும் துணைக்கு இருக்கின்றன.

இன்னொன்று, சொரியாசிஸ் நகத்தில் பூஞ்சை குடியேறுவதும் உண்டு. இரண்டில் ஒன்று என்று நினைக்க வேண்டாம், இரண்டும் இருக்கலாம்.

ஆனால் இந்தச் சகோதரி சொல்வதில் குழிகள் இருக்கின்றன, எண்ணெய்க் கறை இருக்கிறது, முழங்கையில் செதில் இருக்கிறது. பூஞ்சை பொதுவாகக் குழி போடாது. இரண்டாவது மருத்துவர் சரியான பாதையில்தான் போகிறார் என்று நினைக்கிறேன். முதலில் பார்த்த மருத்துவர் நகத்தை வெட்டிச் சோதித்துவிட்டு மாத்திரை கொடுத்திருக்கலாம். அந்த மாத்திரைகள் கல்லீரல் வழியாகப் போவன, சும்மா சாப்பிடுவதற்கு உரியவை அல்ல.


ஊசிமுனை எழுதியது:

பழையகுடை ஐயா, ஊசியை மூடிவிட்டேன். நீங்கள் சொன்னபடி வெட்டியும் விட்டேன். கட்டைவிரல் பாதி நகத்தோடு நிற்கிறது. பட்டு மாட்டவில்லை என்பது உண்மை.

கேட்க மறந்த ஒன்று. வலது சுட்டுவிரலின் கடைசி மூட்டு, நகத்துக்குக் கீழே இருக்கும் சின்ன மூட்டு, காலையில் மடங்க மறுக்கிறது. ஒரு மணி நேரம் வேலை செய்தால் சரியாகிறது. தொழிலால் வந்தது என்று விட்டிருக்கிறேன். கண்ணாடித்தகடு தம்பிக்கும் நன்றி.


பழையகுடை எழுதியது:

அதை விடாதீர்கள். இந்த இழையில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

விரலை நீட்டும் தசைநாண் வந்து எலும்பில் பிடிக்கும் இடமும் நகத்தின் வேரும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. ஓரிடத்தில் அழற்சி என்றால் பக்கத்து வீட்டுக்கும் புகை போகும். நகத்தில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டிலும் வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதிலும் நீங்கள் சொல்லும் அந்தக் கடைசி மூட்டுதான் அதற்குப் பிடித்த இடம். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, வேலை செய்யச் செய்யத் தளர்வது, இது தேய்மானத்தின் குணம் அல்ல, அழற்சியின் குணம். தேய்ந்த மூட்டு வேலை செய்தால் வலிக்கும், ஓய்வில் அடங்கும். ஒரு விரல் முழுவதுமாகப் பணியாரம் போலப் புடைத்தாலோ, குதிகால் காலையில் குத்தினாலோ இன்னும் தெளிவு.

நான் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். இடது கையில் இரண்டு மூட்டுகள் கோணலாகிவிட்டன. அவை திரும்பவில்லை. நகம் திரும்பும், மூட்டு திரும்பாது. தோல் மருத்துவரிடம் சொல்லி மூட்டுவாத நிபுணரிடம் போங்கள், இந்த மாதத்திலேயே.


பச்சிலை எழுதியது:

எல்லாரும் மருந்து மருந்து என்கிறீர்கள். இது உடலுக்குள் நஞ்சு சேர்ந்ததன் வெளிப்பாடு. எனக்குத் தெரிந்தவர் ஸ்டீராய்டை ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டு, உணவை மாற்றி, பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுத்து மூன்றே வாரத்தில் நகம் கண்ணாடி போல ஆகிவிட்டது. இந்தக் களிம்புகள் தோலைக் காகிதமாக்கிவிடும்.


கண்ணாடித்தகடு எழுதியது:

மூன்று வாரத்தில் நகம் 2 மில்லிமீட்டர்தான் வளரும், நண்பரே. கண்ணாடி போல ஆனது எந்த நகம்?

பயோட்டின் பற்றி: குறைபாடு இருந்தால் பலன் உண்டு, அது அபூர்வம். சொரியாசிஸ் நகத்தை அது சரிசெய்யும் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. ஒரு பெரியவருக்கு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். அழகு மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று வருகிறது. இது எங்கள் வேலையையும் கெடுக்கிறது. தைராய்டு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் போன்ற சில ரத்தச் சோதனைகள் பயோட்டின் அதிகமாக இருந்தால் தவறான எண் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும்முன் சொல்லிவிடுங்கள்.


பழையகுடை எழுதியது:

“ஒரே நாளில் தூக்கி எறிந்து” என்ற அந்த ஒரு வரிக்காக மட்டும் பதில் சொல்கிறேன். சொரியாசிஸ் உள்ளவர் ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ சட்டென்று நிறுத்தினால் உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளம் எழும்பிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் படுக்க வேண்டி வரலாம். நான் படுத்தேன். வீரியமான களிம்பை அதிக இடத்தில் பல மாதம் தடவியவரும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லித்தான்.

உணவில் உண்மை இல்லை என்று சொல்லவில்லை. உடல் எடை அதிகமாக இருந்து குறைத்தவர்களுக்குத் தோல் தணிவதுண்டு. புகையும் மதுவும் கெடுதல். எனக்குப் புகையை நிறுத்திய பிறகு உள்ளங்கை கொஞ்சம் அடங்கியது. ஆனால் இதெல்லாம் மருந்தோடு, மருந்துக்குப் பதில் அல்ல.


வெயில்தடை எழுதியது:

எனக்கு லூபஸ், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய். நகம் நன்றாகவே இருக்கிறது, அதைச் சுற்றிய தோல்தான் பிரச்சினை. நகத்தோலை ஒட்டிச் சிவந்து வீங்கும், நகச்சுற்று என்று நினைத்து வெந்நீரில் முக்கிக்கொண்டிருந்தேன். மருத்துவர் ஒரு துளி எண்ணெய் விட்டு, சின்ன உருப்பெருக்கி ஒன்றை வைத்து, நகத்தோலின் ஓரத்தில் ஓடும் நுண்குழாய்களைப் பார்த்தார். அவை வளைந்து நெளிந்து புடைத்திருந்ததிலிருந்துதான் விசாரணை தொடங்கியது. கைவிரல் இப்படி உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

“சிவந்து” என்று எழுதினேன். என் மாநிறத் தோலில் அது சிவப்பாக இருந்ததே இல்லை. ஊதாவும் கருஞ்சாம்பலுமாகத்தான் இருந்தது. புத்தகங்களில் வெள்ளைத் தோலில் எடுத்த படங்களைப் பார்த்து “எனக்கு அப்படி இல்லையே” என்று ஒரு வருடம் வீணாக்கினேன். கருப்பு, மாநிறத் தோல் உள்ளவர்கள் நிறத்தைவிடச் சூடு, வீக்கம், தடிப்பு, செதில் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆறிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அது நோய் இன்னும் இருக்கிறது என்பதன் அடையாளம் அல்ல.

வெயில்தான் எனக்கு எதிரி. வீட்டுக்குள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், கன்னத்தில் வந்துவிடும். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் பி வகையைத் தடுக்கும், ஏ வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். சன்ஸ்கிரீனைப் பொட்டு வைப்பதுபோலத் தடவிப் பயனில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிழிய வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். பலரும் மறப்பது புறங்கையை. கையைக் கழுவும்போதெல்லாம் போய்விடும்.


மழைநாள் எழுதியது:

வெயில்தடை அக்கா, நீங்கள் என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? எனக்குச் சொரியாசிஸ். இரண்டும் ஒரே வகை, தன்னெதிர்ப்பு நோய் என்கிறார்களே, உங்கள் மாத்திரை எனக்கும் ஒத்துவருமா?


வெயில்தடை எழுதியது:

வேண்டவே வேண்டாம், தம்பி. நான் எடுப்பது ஹைட்ராக்சிகுளோரோகுயின். ஒரு காலத்தில் மலேரியாவுக்குக் கொடுத்த மருந்து. லூபஸுக்கு இதுதான் அடித்தளம், ஆனால் சிலருக்கு இதே மருந்து சொரியாசிஸைக் கிளப்பிவிடும். மனநிலைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியமும், ரத்த அழுத்தத்துக்கான பீட்டா தடுப்பான்களும் அப்படித்தான் என்று என் மருத்துவர் சொன்னார். ஒரே குடும்பப் பெயர் வைத்திருப்பதால் மாத்திரையைப் பகிர்ந்துகொள்ள முடியாது. அளவும் உடல் எடையைப் பொறுத்தது, ஒரு கிலோவுக்கு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. தொடங்கும் ஆண்டில் ஒருமுறை விழித்திரைச் சோதனை, ஐந்து வருடம் கடந்தபின் ஆண்டுதோறும். இந்த மருந்தால் என் நகங்களில் லேசாக நீலச்சாம்பல் நிறம் ஏறியிருக்கிறது. அது மருந்தின் வேலை என்று தெரிந்த பிறகு பயம் போய்விட்டது.


குளிர்விரல் எழுதியது:

பொதுவாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுதத் தோன்றியது.

எனக்கு ஸ்க்ளீரோடெர்மா. விரல் தோல் இறுகி, மோதிரம் போட்டதுபோல எப்போதும் ஒரு பிடி. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு ரத்தம் திரும்பும்போது சிவந்து எரியும். மோரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-ல் விவரித்த அதே மூன்று நிறங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுப்பதற்குக் கையுறை போடுபவனைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

நகம் வெட்டுவது எனக்கு ஒரு தனி வைபவம். விரல்நுனித் தோல் நகத்தின் அடிப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. சாதாரணமாக வெட்டும் இடத்தில் வெட்டினால் ரத்தம் வரும். காயம் ஆனால் ஆறப் பல வாரம். ஆகவே நான் வெட்டுவதே இல்லை. குளித்து முடித்து நகம் மெத்தென்று இருக்கும்போது, மென்மையான அரத்தால் ஒரே திசையில் தேய்ப்பேன், வாரம் இரண்டு முறை.

விரல் மட்டும் சூடாக இருந்தால் போதாது, உடம்பு முழுவதும் சூடாக இருக்க வேண்டும் என்பதைத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். மார்பும் வயிறும் குளிர்ந்தால் உடல் முதலில் ரத்தத்தை நிறுத்துவது விரல்களுக்குத்தான். கையுறை மட்டும் போட்டு மெல்லிய சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன் எவ்வளவு காலம்! ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை எடுக்கிறேன். புகை அறவே கூடாது. விரல்நுனியில் புண் வந்து, வலி கூடி, கறுத்துப்போனால் காத்திருக்கக் கூடாது. ஒருமுறை காத்திருந்தேன். நுனியில் கொஞ்சம் போய்விட்டது.


ஊசிமுனை எழுதியது:

குளிர்விரல் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று இருக்கிறது.


குளிர்விரல் எழுதியது:

வேண்டாம் தங்கை. உங்களுக்கு வலிப்பது உங்கள் விரல். பட்டு மாட்டுவதும் பெரிய விஷயம்தான்.


மழைநாள் எழுதியது:

களிம்பை எவ்வளவு தடவ வேண்டும்? என் மருத்துவர் “மெல்லியதாக” என்று மட்டும் சொன்னார். பச்சிலை சொன்னதுபோலத் தோல் காகிதமாகிவிடும் என்று பயந்து நான் கண்ணுக்குத் தெரியாத அளவு தடவுகிறேன். பலனும் கண்ணுக்குத் தெரியவில்லை.


கண்ணாடித்தகடு எழுதியது:

இதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிழியுங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்கு அது போதும். அதைவிடக் குறைவாகத் தடவினால் நோயும் போகாது, மருந்து தடவும் நாட்களும் நீளும். வீரியமான ஸ்டீராய்டை முகத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தடவுவது, மாதக்கணக்கில் கேட்காமல் தடவுவது, இவைதான் தோலைக் காகிதமாக்கும். முழங்கையில் சொன்ன நாட்கள் மட்டும் தடவுவது அல்ல.

உண்மையான ஆபத்து எங்கே என்றால், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து வரும் கலவைக் களிம்புகளில். மருத்துவரைப் பார்க்காமல் வாங்கி எல்லா அரிப்புக்கும் போடுகிறார்கள். படர்தாமரையில் போட்டால் அரிப்பு அடங்கும், வட்டம் கலையும், பூஞ்சை அடியில் பரவும். பிறகு யார் பார்த்தாலும் என்னவென்று அடையாளம் தெரியாது.


ஒற்றைக்கோடு எழுதியது:

பழையகுடை “நகம் திரும்பும்” என்று எழுதியதில் எனக்குச் சம்மதம் இல்லை. சொரியாசிஸ் நகம் திரும்பும், சரி. எனக்கு இருப்பது லைக்கன் பிளானஸ். அது நகத்தின் வேரையே தழும்பாக்கிவிடும். நகம் மெலிந்து, நீளவாக்கில் கோடு கோடாகப் பிளந்து, கடைசியில் மேல்தோல் முன்னால் வளர்ந்து அடிச்சதையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மறுபடி நகம் முளைக்காது. என் இடது நடுவிரலில் இப்போது நகம் என்று ஒன்று இல்லை. நான் காத்திருந்த ஆறு மாதம்தான் அதற்கு விலை. ஆகவே “நகம்தானே, மெதுவாகப் பார்க்கலாம்” என்று யாரும் யாருக்கும் சொல்லாதீர்கள். எந்த நோய் என்று தெரிந்த பிறகுதான் பொறுமை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நகத்தில் புதிதாக ஒரு கருங்கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலோ, அந்தக் கருமை நகத்தோலுக்கும் பரவினாலோ, தன்னெதிர்ப்பு நோய்க் கணக்கில் சேர்க்காமல் உடனே காட்டுங்கள். அது தோல் புற்றுநோயாக இருக்கலாம். கருந்தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் வெகுநாளாக இருக்கும் கோடுகள் பெரும்பாலும் இயல்பானவை, அதைப் பார்த்து நடுங்க வேண்டாம்.


பழையகுடை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஒற்றைக்கோடு. என் நகத்தை வைத்து ஊர் நகத்துக்கெல்லாம் பேசிவிட்டேன்.


மழைநாள் எழுதியது:

நகப்பூச்சு போடலாமா? சிரிக்காதீர்கள், நான் ஆண்தான், நிறமற்றதைத்தான் கேட்கிறேன். அலுவலகத்தில் கையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொள்வது அலுத்துவிட்டது.


வெயில்தடை எழுதியது:

யார் சிரித்தார்கள், போடுங்கள். சாதாரண நகப்பூச்சு பெரும்பாலும் தொல்லை தராது, குழிகளை மறைக்கும், பிளந்த விளிம்புக்கு ஒரு பிடிமானமும் கொடுக்கும். அழிக்கும்போது அசிட்டோன் இல்லாத திரவம். நகத்தோலைக் குச்சியால் பின்னுக்குத் தள்ளாதீர்கள், வெட்டவும் வேண்டாம். அதுதான் நகத்தின் வேருக்கு இருக்கும் ஒரே கதவு.

புற ஊதா விளக்கில் காயவைக்கும் ஜெல், ஒட்டு நகம் ஆகியவற்றில் எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு. அவற்றில் இருக்கும் அக்ரிலேட்டுகளுக்கு ஒவ்வாமை வந்தால் நகம் கிளம்பும், அடியில் தடிக்கும், பார்ப்பதற்குச் சொரியாசிஸ் போலவே இருக்கும். ஒருமுறை வந்த ஒவ்வாமை போகாது. பல் அடைப்புக்கும் எலும்பு அறுவை சிகிச்சைக்கும் இதே குடும்பத்துப் பொருள்கள் பயன்படுவதால் பிற்காலத்தில் அங்கேயும் தொல்லை.

மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். நான் அழகாகப் பூசிக்கொண்டு போய்த் திட்டு வாங்கினேன்.


பழையகுடை எழுதியது:

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. கிளம்பிய நகத்துக்கு அடியில் ஈரம் தங்கினால் பாக்டீரியா வந்து நகம் பச்சையாக மாறும். எனக்கு ஒருமுறை பாசி பிடித்ததுபோல இருந்தது. பாத்திரம் துலக்கும்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. வெறும் ரப்பர் என்றால் வியர்வையிலேயே ஊறும். கை கழுவினால் துடைத்து, மூன்று நிமிடத்துக்குள் ஈரப்பதக் களிம்பு. இரவில் பெட்ரோலியம் ஜெல்லியை நகத்தோலில் அழுத்தாமல் தடவிப் பருத்திக் கையுறையோடு தூக்கம். ஸ்டீராய்டும் இதுவும் ஒரே நேரத்தில் வேண்டாம், அரை மணி இடைவெளி விடுங்கள். ஊசிமுனை அம்மாவுக்குத் தனியாக ஒன்று: இந்தக் கொழுப்புக் களிம்புகள் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். அந்தக் கையுறையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

நகத்தின் வேரில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி யாராவது கேட்டால் சொல்கிறேன். பலன் உண்டு. வலியை வருணிக்க எனக்குத் தமிழ் போதாது.


ஊசிமுனை எழுதியது (நான்கு மாதம் கழித்து):

இந்த இழையை மறந்துவிடவில்லை. மூட்டுவாத நிபுணரிடம் போனேன். அந்தச் சுட்டுவிரல் மூட்டில் அழற்சி இருக்கிறது, எலும்பு இன்னும் அரிக்கப்படவில்லை என்றார். மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை தொடங்கியிருக்கிறார். வாரத்துக்கு ஒரே நாள். எனக்குப் புதன்கிழமை. அதை மறந்து தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொண்டவர்கள் உண்டு என்று மூன்று முறை சொன்னார். காலண்டரில் புதன்கிழமைகளை எல்லாம் சிவப்பு நூலால் தைத்துவிட்டேன். வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். ரத்தச் சோதனை ஒழுங்காகச் செய்கிறேன். மருந்து எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது என்றும் மது கூடாது என்றும் எழுதியே கொடுத்தார். இது போதவில்லை என்றால் அடுத்தது, எதிர்ப்புச் சக்தியின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அடக்கும் பயாலஜிக் ஊசியாம், அதற்கு முன் காசநோய் சோதனை செய்ய வேண்டுமாம். காலை விறைப்பு ஒரு மணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறைந்திருக்கிறது.

கீறல் கதை: அன்றைக்கே வலது கட்டைவிரலில் போட்டேன். அளவு நாடாவால் பார்த்தால் இன்று 11 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. கீறலுக்குப் பின்னால் முதல் பாதியில் குழிகள் இருக்கின்றன, வேருக்குப் பக்கத்தில் நான்கு மில்லிமீட்டர் வழவழப்பு. நான்கு விரல்கள் இப்படி. மோதிரவிரலில் ஒரு மாற்றமும் இல்லை. இடது சுண்டுவிரல் இதற்கு முன் நன்றாக இருந்தது, இப்போது அது புதிதாகத் தொடங்கியிருக்கிறது.

பின்னால் நகர்ந்த அந்தப் பெண்மணி மறுபடியும் வந்தார். நாடாவை எடுப்பதற்கு முன் நானே சொன்னேன்: “இது சொரியாசிஸ், தொட்டால் ஒட்டாது.” அவர் கொஞ்சம் திகைத்துவிட்டு, தன் அண்ணனுக்கும் தலையில் இப்படி ஏதோ இருக்கிறது என்று ஆரம்பித்தார். அளவு எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

நேற்று ஒரு பட்டு ரவிக்கைக்குப் பதினோரு கொக்கி தைத்தேன். இரண்டு முறைதான் நூல் மாட்டியது, இரண்டும் மோதிரவிரல்.


பழையகுடை எழுதியது:

சுண்டுவிரலிலும் ஒரு கீறல் போட்டுவிடுங்கள், அம்மா.


ஊசிமுனை எழுதியது:

போட்டாகிவிட்டது, ஐயா.